முடிந்துபோன பேஸ்பால் சீசனைக் கணக்குப் பார்ப்பது எப்படி? 2024-ஐ வைத்து ஒரு செய்முறை

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் பங்குனியில் தொடங்கி ஐப்பசியில் முடிகிறது. 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டங்கள், பிறகு முன்னணி அணிகளுக்கான பிளேஆஃப் சுற்றுகள், கடைசியில் வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடர். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையில் இருந்து இதைப் போனில் பார்க்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். விடியற்காலை ஆட்டத்தை டீ குடித்துக்கொண்டே முழுதாகப் பார்க்கலாம். தடை முடிந்து படகு இறங்கிவிட்டால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் ஸ்கோர் மட்டும்தான் கண்ணில் படும். அக்டோபர் கடைசியில் மழை, காற்று எச்சரிக்கை என்று மறுபடியும் கரையில் உட்காரும்போது வேர்ல்டு சீரிஸ் வந்திருக்கும்.

ஆக, நினைவில் தங்குவது தலையும் வாலும்தான். 2024 சீசனைப் புரட்டிப்போட்ட விஷயங்களில் பாதிக்கு மேல் நடுத்துண்டில் நடந்தவை. பார்த்ததை மட்டும் வைத்து எழுதினால் தப்பாகத்தான் எழுதுவோம். பார்க்காததை எண்களைக் கொண்டு நிரப்பி, பிறகு பார்த்ததை அதற்குள் பொருத்த வேண்டும். கீழே உள்ளது அதற்கான வரிசை.

தேவைப்படுவது அதிகமில்லை. 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று. சாதாரண பால்பாயின்ட் பேனா; ஜெல் பேனா வேண்டாம், மழை மாதத்தில் தாள் நமத்துப்போய் மை இறங்கிவிடும். போனிலோ கம்ப்யூட்டரிலோ கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல். தரவுக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் விரிவான அணிப் பட்டியல் போதும். வெற்றி, தோல்வி, எடுத்த ரன், கொடுத்த ரன், ஒரு ரன் வித்தியாச ஆட்டங்கள், கூடுதல் இன்னிங்ஸ் (ஒன்பது இன்னிங்ஸில் சமன் ஆனால் தொடர்வது) ஆட்டங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கரண்ட் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டில் தட்டும்போது முதல் பொறி இங்கேதான். "9-23" என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். வெற்றிக்கு ஒரு கட்டம், தோல்விக்கு ஒரு கட்டம் என்று பிரித்தே எழுதுங்கள்.

தேதியைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்

நியூயார்க்கில் மாலை 7.05-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.35. சிகாகோவில் மாலை 6.40 என்றால் நமக்கு 5.10. லாஸ் ஏஞ்சலஸில் இரவு 7.10 என்றால் நமக்கு மறுநாள் காலை 7.40. ஆனால் நியூயார்க்கில் பகல் 1.05-க்கு ஆடினால் நமக்கு அதே நாள் இரவு 10.35. அதாவது அமெரிக்காவின் ஒரே நாள் ஆட்டங்கள் நம் காலண்டரில் இரண்டு தேதிகளில் விழும். துபாயில் இருக்கிற மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு தேதி சொல்வார், கீழக்கரையில் இருக்கிறவர் இன்னொரு தேதி சொல்வார். இரண்டும் சரியாகவே இருக்கும். அதனால் நோட்டில் அமெரிக்கத் தேதியை மட்டுமே எழுதுங்கள். டாட்ஜர்ஸ் பேட்டர் ஷோஹெய் ஓட்டானி 50 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி), 50 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு, அதாவது அடுத்த தளத்துக்கு, ஓடிப் பிடிப்பது) என்ற எல்லையைத் தாண்டிய மயாமி ஆட்டம் செப்டம்பர் 19. நமக்கு அப்போது 20-ஆம் தேதி பிறந்துவிட்டது. நோட்டில் 19 என்றுதான் இருக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது நிறுத்தி வைத்து மீண்டும் ஆடிய ஆட்டம். 2024 ஜூன் 26 அன்று பாஸ்டனில் ரெட் சாக்ஸுக்கும் டொராண்டோ புளூ ஜேஸுக்கும் நடந்த ஆட்டம் இரண்டாவது இன்னிங்ஸிலேயே மழையால் நின்றது. அப்போது டொராண்டோவுக்காக மட்டை பிடித்து நின்றவர் டேனி ஜான்சன். ஜூலை 27 அன்று அவர் பாஸ்டனுக்கு மாற்றப்பட்டார். ஆகஸ்ட் 26 அன்று ஆட்டம் விட்ட இடத்தில் தொடர்ந்தபோது அதே ஜான்சன் பாஸ்டனின் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) உட்கார்ந்திருந்தார். மேஜர் லீகில் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் ஆள். அதிகாரப்பூர்வக் கணக்கில் அந்த ஆட்டம் முழுவதும் ஜூன் 26. நீங்கள் ஆகஸ்ட் என்று எழுதினால் இரண்டு அணிகளின் மாதவாரி கணக்கும் தளத்தோடு ஒத்துப்போகாது. எங்கே இடிக்கிறது என்று தேடியே ஒரு சாயங்காலம் போய்விடும்.

கூட்டிப் பாருங்கள்

30 அணிகளின் வெற்றியையும் எழுதி முடித்ததும் கூட்டுங்கள். 30 × 162 = 4,860; ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணி என்பதால் பாதி, 2,430 வர வேண்டும். 2024-இல் 2,429-தான் வரும். தவறு உங்களுடையது அல்ல. கடைசி நாளில் கிளீவ்லாந்தில் ஹூஸ்டனுக்கு எதிராக நடக்க வேண்டிய ஆட்டம் மழையில் போனது, திரும்ப ஆடவே இல்லை. கிளீவ்லாந்து 92-69, ஹூஸ்டன் 88-73, இரண்டும் 161 ஆட்டத்தோடு நின்றன. எல்லா அணிகளும் எடுத்த ரன்களின் கூட்டல், எல்லா அணிகளும் கொடுத்த ரன்களின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் எண்ணை மாற்றித் தட்டியிருக்கிறீர்கள்.

எத்தனை ஆட்டம் பின்தங்கியது என்று சொல்ல: வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். கிளீவ்லாந்து 92-69, கன்சாஸ் சிட்டி 86-76. வெற்றியில் 6, தோல்வியில் 7, கூட்டினால் 13, பாதி 6.5.

ரன் கணக்கு

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. மற்றதை அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

ஒரு அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்பது நடந்தது. எத்தனை ஜெயிக்கும் அளவுக்கு ஆடியது என்பது வேறு. இரண்டாவதைக் கண்டுபிடிக்க பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் ஒரு சூத்திரம் கொடுத்தார். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். வருகிற விகிதத்தை 162-ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கும் வெற்றி. கிரிக்கெட்டின் நெட் ரன்ரேட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ஓவர் வகுத்தல் எதுவும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024-இல் எடுத்தது 842, கொடுத்தது 686. வர்க்கங்கள் 7,08,964, 4,70,596. விகிதம் 0.601. பெருக்கினால் 97. உண்மையில் ஜெயித்தது 98. அதாவது அந்த அணியின் வெற்றியில் அதிர்ஷ்டம் என்று தனியாகச் சொல்ல எதுவுமில்லை. நியூயார்க் யாங்கீஸ் 815, 668. வருவது 97, கிடைத்தது 94. வேர்ல்டு சீரிஸில் மோதிய இரண்டு அணியும் காகிதத்தில் சமம். சீசன் முழுக்கப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்ததில்லை. டாட்ஜர்ஸ் ஐந்தே ஆட்டத்தில் முடித்ததை வைத்து "யாங்கீஸ் டம்மி" என்று எழுதத் துடிக்கும் கைக்கு இந்த ஒரு வரி கடிவாளம்.

சிகாகோ ஒயிட் சாக்ஸை எடுத்துக்கொள்வோம். 41 வெற்றி, 121 தோல்வி. 1901-க்குப் பிறகு ஒரு சீசனில் யாரும் இத்தனை ஆட்டம் தோற்றதில்லை. எடுத்தது 507, கொடுத்தது 813. வர்க்கக் கணக்கில் 45 வெற்றி வர வேண்டும். தளங்கள் 2-க்குப் பதில் 1.83 என்ற அடுக்கைப் பயன்படுத்தும். உண்மைக்கு அது இன்னும் நெருக்கமாகப் போகும் என்று பழைய சீசன்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் 48 வரும். உங்கள் எண்ணும் தளத்தின் எண்ணும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். எதை எடுத்தாலும் சரி, 30 அணிக்கும் ஒன்றையே எடுங்கள். 45 ஆனாலும் 48 ஆனாலும் படுமோசமான அணிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வரலாற்றுச் சாதனை ஆவதற்கு மோசமாக ஆடினால் மட்டும் போதாது, கொஞ்சம் நேரமும் கெட்டிருக்க வேண்டும்.

"சரித்திரத்திலேயே மோசமான அணி" என்று எழுதும் முன் விகிதத்தையும் பாருங்கள். 41-121 என்பது 0.253. 1962 நியூயார்க் மெட்ஸ் 40-120, அது 0.250. எண்ணிக்கையில் ஒயிட் சாக்ஸ் கீழே, விகிதத்தில் மெட்ஸ் கீழே. 1916 பிலடெல்பியா அத்லெடிக்ஸ் 36-117, இரண்டையும் விடக் கீழே. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் பட்டம் கொடுக்காதீர்கள்.

எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி 5-க்கு மேல் இருந்தால் அந்த அணியின் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். அடுத்து ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களைத் திறந்து பாருங்கள். இடைவெளியின் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கும். இதற்கு 2024-ஐ விட 2023 நல்ல உதாரணம் தருகிறது. சான் டியாகோ பாட்ரஸ் 2023-இல் 752 ரன் எடுத்து 648 கொடுத்தது. வர வேண்டியது 93 வெற்றி. வந்தது 82. ஒரு ரன் ஆட்டங்களில் 9-23. கூடுதல் இன்னிங்ஸில் 2-12. "நெருக்கடியில் நடுங்கும் அணி" என்று அப்போது எழுதாதவர் குறைவு. மறு ஆண்டு நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவையே யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டு, அதே பாட்ரஸ் 93 ஆட்டம் ஜெயித்தது. ஒரு ரன் ஆட்டத் தோல்வி பெரும்பாலும் அடுத்த சீசனுக்குத் தொடர்ந்து வருவதில்லை. ரன் வித்தியாசம் வரும். முடிந்த சீசனைக் கணக்குப் பார்ப்பதில் ஏதாவது பயன் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான்.

அதிர்ஷ்டம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கும் அளவு உண்டு. 162 × 0.5 × 0.5 என்பதன் வர்க்கமூலம் 6.4. நாணயம் சுண்டினாற்போல் சரிபாதி ஆடும் அணி, எந்தக் காரணமும் இல்லாமலே, மூன்றில் இரண்டு சீசனில் 75-க்கும் 87-க்கும் நடுவில் எங்காவது போய் நிற்கும். 79 ஜெயித்த அணிக்கும் 84 ஜெயித்த அணிக்கும் "மன உறுதி" வித்தியாசம் தேடி இரண்டு பக்கம் நிரப்புவது வீண் வேலை.

நடுத்துண்டை நிரப்புவது

சீசனை மூன்றாக வெட்டுங்கள். நம் கரைக்கு வசதியான வெட்டு இது: தொடக்கம் முதல் ஜூன் 14 வரை, ஜூன் 15 முதல் ஆட்டக்காரர் பரிமாற்றக் கெடு வரை (2024-இல் ஜூலை 30), கெடுவில் இருந்து கடைசி வரை. ஒவ்வொரு துண்டுக்கும் வெற்றி, தோல்வி, எடுத்த ரன், கொடுத்த ரன். முதல் துண்டுக்குப் பக்கத்தில் உங்கள் நினைவில் இருப்பதை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு கடைசித் துண்டின் எண்ணை எழுதுங்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும் அணிகளைத்தான் நீங்கள் தவறாக நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

தடைக்காலத்தில் நியூயார்க் மெட்ஸைப் பார்த்தவர்கள் ஜூன் 2 அன்று 24-35 என்று கிடந்த அணியை மனதில் வைத்திருப்பார்கள். அதன் பிறகு மெட்ஸ் 65-38. மொத்தம் 89-73, பிளேஆஃப். டெட்ராய்ட் டைகர்ஸ் இன்னும் விசேஷம். ஜூலை 30 கெடுவில், இந்த ஆண்டு நமக்கில்லை என்ற தீர்மானத்தோடு, பிட்சர் (பந்து வீசுபவர்) ஜாக் ஃப்ளாஹர்ட்டியை டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டது. ஆகஸ்ட் 10 முடிவில் 55-63. மீதி 44 ஆட்டத்தில் 31-13. அதுவும் பிளேஆஃப் போனது. தள்ளிவிட்ட ஃப்ளாஹர்ட்டி வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தையும் ஐந்தாவது ஆட்டத்தையும் டாட்ஜர்ஸுக்காகத் தொடங்கினார். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் பார்க்காமல் விட்டவர்களுக்கு இந்த அணி எங்கிருந்து முளைத்தது என்றே தெரியாது.

துண்டு வெட்டுவதில் ஒரு ஏமாற்று வேலை தன்னையறியாமல் நடக்கும். மிக மோசமான நாளைத் தேடிப்பிடித்து அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் எந்த அணியும் எழுச்சி பெற்றதாகத் தெரியும். மெட்ஸுக்கு ஜூன் 2, டைகர்ஸுக்கு ஆகஸ்ட் 10 என்பதெல்லாம் அப்படித் தேர்ந்தெடுத்த நாட்கள்தான். அதனால் நிலையான மூன்று வெட்டை முதலில் போட்டுவிட்டு, இந்த விசேஷ நாட்களை ஓரத்தில் குறிப்பாக மட்டும் எழுதுங்கள்.

காரணம் எழுதுவதிலும் அப்படித்தான். ஜூன் 12 அன்று மெட்ஸ் மைதானத்தில் கிரிமேஸ் என்ற ஊதா நிறப் பொம்மை வேடக்காரர் சம்பிரதாயப் பந்தை வீசினார். அன்றில் இருந்து மெட்ஸ் தொடர்ச்சியாக ஏழு ஆட்டம் ஜெயித்தது. ரசிகர்கள் அதைக் குலதெய்வம் ஆக்கிவிட்டார்கள். ஓரத்தில் எழுத நல்ல வேடிக்கை. காரணம் என்ற கட்டத்தில், மே மாதம் ஃபிரான்சிஸ்கோ லிண்டோரை முதல் பேட்டராக மாற்றியது போன்ற, ஆட்டத்தைத் தொடும் விஷயங்களை மட்டும் எழுதுங்கள்.

ஆட்டக்காரர் கணக்கு

பேட்டருக்கு மூன்று எண். ஓட்டானியின் 2024-ஐக் கையால் போட்டுப் பார்த்தால் மூன்றும் புரிந்துவிடும். 636 அதிகாரப்பூர்வ வாய்ப்பில் 197 ஹிட் (அடித்துப் பேஸை எட்டியது), சராசரி 0.310. ஹிட்டோடு 81 வாக்கும் (walk, நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) உடம்பில் பட்ட 6 பந்தும் சேர்த்தால் 284. அதை வாய்ப்பு, வாக்கு, உடம்பில் பட்டது, 5 தியாக ஃபிளை (தான் அவுட் ஆனாலும் ஓட்டக்காரரை ரன் எடுக்க வைக்கும் உயர அடி) எல்லாம் சேர்ந்த 728-ஆல் வகுத்தால் பேஸை எட்டும் விகிதம் 0.390. அடுத்தது அடியின் பலம்: 98 சிங்கிள், 38 டபுள் இரண்டால், 7 டிரிபிள் மூன்றால், 54 ஹோம் ரன் நான்கால் பெருக்கிக் கூட்டினால் 411 பேஸ், 636-ஆல் வகுத்தால் 0.646. கடைசி இரண்டையும் கூட்டினால் 1.036, அதுதான் ஓபிஎஸ். இதோடு 59 பேஸ் திருட்டு. ஆரன் ஜட்ஜ் 0.458, 0.701, கூட்டினால் 1.159, 58 ஹோம் ரன்.

"காக்கா, ஓட்டானியா ஜட்ஜா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அடியில் ஜட்ஜ் மேலே, இதில் வாதமே இல்லை. ஓட்டானி அந்த ஆண்டு பந்து வீசவில்லை, ஃபீல்டிங்கும் இல்லை, பேட்டர் மட்டும். ஜட்ஜ் பெரும்பாலும் சென்டர் ஃபீல்டில் நின்றார். 30 அணிகளும் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீகாகப் பிரிந்தவை; இரண்டு பேரும் வேறு வேறு லீக் என்பதால் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது இருவருக்குமே கிடைத்தது, சண்டைக்கு இடமில்லை.

பிட்சரில் நம் ஆட்கள் தவறாமல் சறுக்கும் இடம் இன்னிங்ஸ் புள்ளி. கிறிஸ் சேல் 2024-இல் வீசியது 177.2 இன்னிங்ஸ் என்று போட்டிருக்கும். அந்த ".2" பத்தில் இரண்டு இல்லை, மூன்றில் இரண்டு, அதாவது இரண்டு அவுட். அவர் கொடுத்த எர்ன்ட் ரன் (ஃபீல்டிங் தவறு இல்லாமல் கொடுத்த ரன்) 47. ஒன்பது இன்னிங்ஸுக்கு எவ்வளவு என்று பார்க்க, ஒன்பதால் பெருக்கினால் 423. அதை 177.667-ஆல் வகுத்தால் 2.38, அதுதான் அதிகாரப்பூர்வ எண். 177.2-ஆல் வகுத்தால் 2.39 வரும். அந்த ஆண்டு அமெரிக்கன் லீகில் டாரிக் ஸ்கூபல் 2.39-இல் முடித்தார், இந்த ஒரு தவறால் இரண்டு பேரையும் சமம் என்று எழுதிவிடுவீர்கள். ஷீட்டில் முழு எண்ணைத் தனியாகப் பிரித்து, புள்ளிக்குப் பின் உள்ளதைப் பத்தால் பெருக்கி மூன்றால் வகுத்துச் சேர்த்தால் சரியாகிவிடும்.

மைதானத்தையும் மறக்காதீர்கள். டென்வர் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று மெல்லிது, அடித்த பந்து தூரம் போகும், வளைய வேண்டிய பந்து சரியாக வளையாது. அங்கே ஆடும் பிட்சரின் எண்ணை அப்படியே மற்றவரோடு ஒப்பிடக் கூடாது. சிகாகோ ரிக்லி மைதானத்தில் மிச்சிகன் ஏரிக்காற்று உள்ளே வீசினால் ஹோம் ரன் ஆக வேண்டியது கேட்ச் ஆகும். வெளியே வீசினால் நேர்மாறு. கரையில் வளர்ந்தவர்கள் ஈரக்காற்று கனம் என்று நினைப்போம். அதே வெப்பத்தில் ஈரக்காற்றுதான் லேசு. பந்தே ஈரத்தை உறிஞ்சினால் துள்ளல் குறையும், அது வேறு கதை. டென்வரில் 2002 முதல் பந்துகளை ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடுப்பதும் அதற்காகத்தான்.

விருதுப் பட்டியலுக்கு அரைப் பக்கம் போதும்.

அக்டோபருக்குத் தனிப் பக்கம்

பிளேஆஃப் எண்களை 162 ஆட்ட எண்களோடு கலக்காதீர்கள். அணி குறைவு, பிட்சரைப் பயன்படுத்தும் விதம் வேறு, விதியும் வேறு. வழக்கமான சீசனில் பத்தாவது இன்னிங்ஸில் இருந்து இரண்டாம் பேஸில் ஒரு ஓட்டக்காரரை இலவசமாக நிறுத்துவார்கள். அவர் ஓடி வந்தால் அது பிட்சரின் எர்ன்ட் ரன் ஆகாது. பிளேஆஃபில் அந்த விதி இல்லை. அக்டோபர் 25 அன்று வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 3-2 பின்தங்கியிருந்தபோது ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த கிராண்ட் ஸ்லாமுக்கு (பேஸ் மூன்றும் நிரம்பியபோது அடிக்கும் ஹோம் ரன்) மூன்று பேஸும் நிரம்பியது விதியால் அல்ல. 6-3. வேர்ல்டு சீரிஸில் ஆட்டத்தை முடித்த முதல் கிராண்ட் ஸ்லாம் அது. ஒரு நாள் மீன்பாட்டை வைத்துப் படகு லாபமா நட்டமா என்று யாரும் சொல்வதில்லை. ஃப்ரீமனின் அந்த அடியை வைத்து டாட்ஜர்ஸின் சீசனை எழுதுவதும் அதுதான்.

அக்டோபரில் எண்ணை விட அரை இன்னிங்ஸை வரிசையாக எழுதிப் பழகுவது நல்லது. ஐந்தாவது ஆட்டம், அமெரிக்காவில் அக்டோபர் 30 இரவு. நமக்குத் தீபாவளி விடியற்காலை 5.38-க்குத் தொடங்கியது. யாங்கீஸ் 5-0 முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும் வரை யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோல் ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. அங்கிருந்து எழுதுங்கள்: கிகே ஹெர்னாண்டஸ் சிங்கிள். டாமி எட்மன் அடித்த எளிய ஃபிளையை சென்டரில் ஜட்ஜ் நழுவவிட்டார், எரர் (ஃபீல்டிங் தவறு). வில் ஸ்மித்தின் தரைப்பந்தை ஆந்தனி வோல்பி மூன்றாம் பேஸுக்கு எறிந்தார், எறிதல் சரியில்லை, எரர். பேஸ் மூன்றும் நிரம்பி அவுட் இல்லை. கோல், அடுத்து வந்த லக்ஸையும் ஓட்டானியையும் ஸ்டிரைக்அவுட் செய்தார். மூக்கி பெட்ஸ் முதல் பேஸ் பக்கம் தரைப்பந்து. அங்கே நின்ற ரிசோ எடுத்துவிட்டார், ஆனால் பேஸை மூட ஓட வேண்டிய கோல் ஓடாமல் நின்றார். பெட்ஸ் பத்திரம், ஒரு ரன். ஃப்ரீமன் சிங்கிள், இரண்டு ரன். டியோஸ்கர் ஹெர்னாண்டஸ் டபுள், இரண்டு ரன். 5-5. முடிவில் டாட்ஜர்ஸ் 7-6.

இப்போது ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தால் வேடிக்கை. இரண்டு எரர் இருந்ததால் ஐந்து ரன்னும் கோலின் பெயரில் எர்ன்ட் ரன் ஆகவில்லை. அன்றைக்கு அவர் எர்ன்ட் ரன் பூஜ்யம். அவர் பேஸை மூடாமல் நின்றது எரராகவும் பதிவாகவில்லை. யோசனைப் பிசகை எரராக எழுதுவதில்லை, பெட்ஸுக்கு இன்ஃபீல்டு சிங்கிள். ஆக, அந்த இன்னிங்ஸில் ஆட்டத்தையே திருப்பிய செயலுக்குப் புத்தகத்தில் ஒரு தடயமும் இல்லை. சீசன் முழுவதையும் எண்ணால் நிரப்பச் சொன்னோம்; எண்ணுக்குள் வராதது இருக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். பிளேஆஃப் பக்கங்களில் இப்படி ஐந்தாறு அரை இன்னிங்ஸ் போதும்.

நோட்டில் ஏற்றும் விதம்

அணிக்கு அரைப் பக்கம், 30 அணிக்கு 15 பக்கம். ஒவ்வொன்றிலும் நான்கு வரி: கிடைத்த வெற்றியும் வர வேண்டிய வெற்றியும், ஒரு ரன் ஆட்டக் கணக்கு, மூன்று துண்டு, அடுத்த சீசனுக்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்வி பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "டைகர்ஸ் நன்றாக ஆடுமா" என்பது கேள்வியே அல்ல. "டைகர்ஸின் ரன் வித்தியாசம் ஜூன் 14-இல் பூஜ்யத்துக்கு மேலே இருக்குமா" என்பது கேள்வி. தடைக்காலம் முடிகிற அன்றே சரிபார்த்துவிடலாம். ஒயிட் சாக்ஸ் பக்கத்தில் மூன்று துண்டையும் தனித்தனியாக விரிக்க வேண்டியதில்லை. மே 22 முதல் தொடர்ந்து 14 தோல்வி, ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி என்ற இரண்டு வரி மற்றதைச் சொல்லிவிடும்.

நேரம் எழுதும் கட்டத்தை அடுத்த சீசனுக்கு இப்போதே கோடு போட்டு வைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். மேலே சொன்ன நேரங்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் செல்லும்; சீசன் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கும். டொராண்டோவுக்கு நியூயார்க் நேரம். அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, ஆனால் கோடையில் அது லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தோடு ஒத்துப்போகும், தனிக் கட்டம் வேண்டாம். 2024 போல தென் கொரியாவின் சியோலில் சீசன் திறந்தால் அந்த ஆட்டம் நமக்கு அதே நாள் பிற்பகலிலேயே வந்துவிடும்; கொரிய நேரம் நம்மை விட 3.30 மணி முன்னால்.